ஊர்க் கோவிலுக்கு அறங்காவலர் நியமனம்: டிரஸ்ட் பதிவு செய்தால் தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோவிலை மூன்று தலைமுறையாக ஊர்க் கமிட்டிதான் நடத்துகிறது. ஒவ்வொரு தை மாதமும் ஊர்க்கூட்டம் போட்டுத் தலைவர், பொருளாளரைத் தேர்ந்தெடுப்போம். தலைக்கட்டு வரி வசூலித்துத் திருவிழா நடத்துகிறோம். கோவில் பெயரில் மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது. இப்போது இந்து சமய அறநிலையத் துறை உதவி ஆணையர் அலுவலகத்திலிருந்து வந்து, அறங்காவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போனார்கள். ஊராட்சித் தலைவர் "நான் பேசி நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். வேறொருவர், டிரஸ்ட் பதிவு செய்துவிட்டால் துறை உள்ளே வர முடியாது, 60,000 ரூபாய் ஆகும் என்றார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். கோவில் எங்கள் கையை விட்டுப் போய்விடுமா? நிலத்தை விற்றுவிடுவார்களா?

பதில்: மீதி 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிரஸ்ட் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாலும் சரி, 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகப் பதிந்தாலும் சரி, அந்தக் காகிதம் உங்கள் கோவிலைத் தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டத்திலிருந்து வெளியே எடுக்காது. 1959-இல் வந்த அந்தச் சட்டம், கோவில் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்துக்கள், அல்லது அவர்களில் ஒரு பிரிவினர், பொதுவில் வழிபடும் இடமா என்றுதான் பார்க்கிறது. பதிவாளரும் கோவில் யாருடையது என்று விசாரிக்க மாட்டார். பத்திரம் கொண்டு போனால் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்வார், அவ்வளவுதான். இதை வைத்துத்தான் ஊர் ஊராக வியாபாரம் நடக்கிறது. ரசீது, முத்திரை, பதிவு எண் எல்லாம் உண்மையானவை என்பதால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

இதனால் வரும் கேடு பணத்தோடு முடிவதில்லை. அந்த மாதிரிப் பத்திரங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏழு பேரையோ ஒன்பது பேரையோ "நிறுவனர்கள்" என்று எழுதி, ஆயுள் முழுக்க அவர்களே அறங்காவலர்கள் என்று போட்டிருப்பார்கள். ஊர் கூடிக் கட்டிய கோவிலுக்கு ஒன்பது பேர் நிறுவனர்கள் ஆனது எப்படி? பத்து வருஷம் கழித்து அந்த ஒன்பது பேரின் பிள்ளைகள் இது எங்கள் குடும்பக் கோவில் என்று வழக்குப் போடுவார்கள். ஊர் இரண்டாகும், கோவிலுக்குப் பூட்டு விழும், வட்டாட்சியர் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். அதோடு, கோவில் நலனுக்கு விரோதமாக நடந்தவர் அறங்காவலராகத் தகுதியற்றவர் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. பொதுக்கோவிலை ஒன்பது பேர் பெயருக்கு மாற்றப் பார்த்தார்கள் என்று எதிர்த்தரப்பு சொன்னால், உங்கள் ஊரின் நல்ல மனிதர்களே பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

ஊராட்சித் தலைவர் விஷயம் சுருக்கமானது. கோவில் நிர்வாகத்தில் ஊராட்சிக்கு அதிகாரம் எதுவும் இல்லை. கிராமசபைத் தீர்மானம் போட்டாலும் துறையைக் கட்டுப்படுத்தாது. அவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அதை நம்பி விண்ணப்பத்துக்கான கெடுவைத் தவற விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். அறங்காவலர் என்றதும் வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்காரப் போகிறார் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆண்டு வருமானம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கோவில்களைத் துறை 46-ஆம் பிரிவின் கீழ்ப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோவில்களின் குழுவில் மூன்று பேருக்குக் குறையாமலும் ஐந்து பேருக்கு மேற்படாமலும் இருப்பார்கள். ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், இன்னொருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். பட்டியலில் வராத சின்னக் கோவில்களுக்கு 49-ஆம் பிரிவின்படி உதவி ஆணையர் நியமிப்பார். ஒரே ஒருவரைக்கூட நியமிக்கலாம். உங்களுக்கு அறிவிப்பு உதவி ஆணையரிடமிருந்து வந்திருப்பதால் அநேகமாக இந்த 49-தான். பதவிக்காலம் 2 ஆண்டு, சம்பளம் கிடையாது. விண்ணப்பப் படிவத்தை உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம், துறையின் இணையதளத்திலும் கிடைக்கும். "படிவம் என்னிடம்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவர் யாரென்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே உங்கள் ஊர்க்காரர்களே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டு ஐந்தாறு பெயரை முடிவு செய்யுங்கள். ஒரு பெண்ணும், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரும் அதில் கட்டாயம் இருக்கட்டும். பல ஊர்கள் இந்த இடத்தில்தான் முரண்டு பிடித்து, கடைசியில் தங்களுக்கு வேண்டாதவர் கையில் கோவிலைக் கொடுத்துவிட்டு நிற்கின்றன. சேரிக்காரர் எப்படிக் குழுவில் உட்காருவார் என்று கேட்கும் ஊருக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை. கோவில் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவர், கோவிலுக்குப் பாக்கி வைத்திருப்பவர், கோவில் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தவர் ஆகியோர் பெயரைக் கொடுக்காதீர்கள், சட்டப்படி நிற்காது. உங்கள் பொருளாளரே அந்த மூன்று ஏக்கரை உழுதுகொண்டிருந்தால் அவரை விட்டுவிட்டு அடுத்தவரைப் போடுங்கள்.

விண்ணப்பமே போகாவிட்டால் துறை தக்காரை நியமிக்கும். நான் பொறுமை இழக்கும் இடம் இதுதான். காலி இடம் நிரம்பும் வரை பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளத்தான் தக்கார். நடப்பதோ, ஓர் ஆய்வரோ செயல் அலுவலரோ தன் சொந்த வேலையோடு சேர்த்துப் பல கோவில்களுக்குத் தக்காராக வருஷக்கணக்கில் இருக்கிறார். கூரை ஒழுகுகிறது என்றால் கையெழுத்துக்கு அவரைத் தேடி அலைய வேண்டும். அவரும் என்ன செய்வார், அவருக்குக் கோவிலின் பெயரே மாறிப் போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு குழு என்று சட்டம் எழுதிய அரசு, பழைய குழுவின் காலம் முடிவதற்குள் புதிய குழுவுக்குப் பெயர்களைத் தயாராக வைத்திருக்கக் கூடாதா? பெயர்ப் பட்டியல் தருவதற்கென்றே மாவட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. அது உருவாகும் வரை கோவில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காத்திருப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

"மூன்று தலைமுறை நடத்துகிறோமே, நாங்கள் பரம்பரை அறங்காவலர் இல்லையா?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையை வைத்து ஊர்களிடமிருந்து வக்கீல் கட்டணமாகவே நிறையப் போயிருக்கிறது. பரம்பரை அறங்காவலர் இருக்கும் கோவிலுக்குச் சட்டம் தனி வழி வைத்திருப்பது உண்மை. அவர் நிர்வாகம் சரியில்லை என்று கருதினால் மட்டுமே, அவரையும் விசாரித்து, கூடுதல் ஆட்களை நியமிப்பார்கள். ஆனால் பரம்பரை என்றால் பதவி வாரிசுரிமையாக இறங்கி வர வேண்டும். அல்லது வழக்கத்தினாலோ கோவிலை நிறுவியவர் எழுதி வைத்ததாலோ ஒருவருக்குப் பின் இன்னாருக்கு என்று நிலைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பின் மூத்த மகன், இல்லையென்றால் குறிப்பிட்ட நான்கு வகையறாவும் முறை வைத்து, என்பது போல. நீங்களோ தை மாதம் கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள். போன வருஷத் தலைவர் இந்த வருஷம் மாறலாம். இது தேர்தல், வாரிசுமுறை ஆகாது. ஒரு சமூகத்தார் ஆண்டுதோறும் கூடித் தேர்ந்தெடுத்த நிர்வாகி, அது எத்தனை காலப் பழக்கமாக இருந்தாலும், பரம்பரை அறங்காவலர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றமே சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. உங்கள் ஊரில் யாராவது ஒரு குடும்பத்துக்கு உண்மையிலேயே அப்படி ஓர் உரிமை இருந்தால், அவர்கள் இணை ஆணையர் முன்பு 63-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். தோற்றால் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு, அங்கும் தோற்றால் 90 நாளுக்குள் சிவில் நீதிமன்றம். அந்த நீண்ட பாதையில் ஊர்க் கமிட்டிக்கு வேலை இல்லை.

சிதம்பரம் தீர்ப்பைக் காட்டியும் பேசுவார்கள். 2014-இல் நடராசர் கோவில் நிர்வாகம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கே பூசை செய்யும் தீட்சிதர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது சரிதான். அவர்கள் தனிச் சமயப் பிரிவினர் என்று 1951-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஒரு சாதி என்பதாலோ ஓர் ஊர் என்பதாலோ அந்தத் தகுதி நமக்கு வந்துவிடாது.

உங்கள் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தாளில் மேலே அம்மன் படம், கீழே நன்கொடையாளர் பெயர்கள், நடுவில் "பக்தகோடிகள் அனைவரும் வருகை தந்து அம்மன் அருள் பெற வேண்டுகிறோம்" என்ற வரி, கடைசியில் "இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்". தனியார் கோவில் என்று யார் வாதாடினாலும் இந்த ஒரு தாள் போதும், வாதம் விழுந்துவிடும். அதே தாள், உங்கள் கமிட்டி ஊருக்காக நின்றது என்பதற்கும் சாட்சி. பழைய நோட்டீஸ்கள், வரி நோட்டு, கும்பாபிஷேகக் கல்வெட்டின் போட்டோ, மின் கட்டண அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேருங்கள். விண்ணப்பத்தோடு நகல் வையுங்கள். வங்கிக் கணக்கு மூன்று பேர் சொந்தப் பெயரில் இருந்தால் கோவில் பெயருக்கு மாற்றுங்கள்.

நிலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கோவில் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது என்கிறது 34-ஆம் பிரிவு. இது அறங்காவலருக்கும் பொருந்தும், இத்தனை காலம் நிர்வாகம் செய்த உங்களுக்கும் பொருந்தும். பட்டா கோவில் பெயரில்தான் இருக்கிறதா என்று இன்றே இணையத்தில் பார்த்துவிடுங்கள். பழைய கமிட்டித் தலைவர் பெயரில் இருந்தால் வட்டாட்சியரிடம் மாற்றக் கேளுங்கள். அதே நிலத்தின் விவரத்தைத் துறையின் 29-ஆம் பிரிவுப் பதிவேட்டிலும் சரிபாருங்கள். சர்வே எண் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் பின்னாளில் அந்தத் துண்டு யாருடையதோ ஆகிவிடும்.

முன்பணம் கொடுத்த 10,000 ரூபாய்க்கு ரசீது வாங்கினீர்களா என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாளோ ஆதார் நகலோ கொடுத்திருந்தால் பணத்தைவிட முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். பத்திரம் பதிவாவதை நிறுத்தச் சொல்லி, பணம் வாங்கியவருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் போட்டு, அதன் நகலைச் சார்பதிவாளருக்கும் அனுப்புங்கள். விண்ணப்பத்தைக் கெடு நாளுக்குள் உதவி ஆணையர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.