தேனீ மொய்க்கும் இந்தச் செடி துளசியா?

கேள்வி: வேலியோரம் தானாக முளைத்த செடி ஒன்று, இரண்டு கோடையைத் தாண்டி இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. தண்டு நாலு பட்டை. இலை தடிப்பு, அடியில் வெள்ளைப் பஞ்சு படிந்த மாதிரி. கசக்கினால் காட்டமான வாசனை. கதிர் கதிராக வெளிர் ஊதாப் பூ. காலையில் தேனீயும் கருவண்டும் மொய்க்கின்றன. துளசியில் ஒரு வகை என்கிறார் மாமியார். படம் இணைத்துள்ளேன். இது என்ன செடி? வீட்டு முன்னால் வளர்க்கலாமா?
– வாசகி, உச்சிப்புளி

பதில்: பேய்மிரட்டி. தாவரவியல் பெயர் அனிசோமீலிஸ் மலபாரிகா. மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாமே இதற்குப் பங்காளிகள். நாலு பட்டைத் தண்டும் எதிரெதிர் இலையும் அந்தக் குடும்பத்துக்கே பொது என்பதால், அவற்றை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். துளசியில் மகரந்தத்தாள்கள் கீழுதட்டின் மேல் படுத்திருக்கும். தேனீயின் வயிற்றில் மகரந்தம் ஒட்டும். பேய்மிரட்டியில் நான்கு தாள்களும் மேலுதட்டை ஒட்டி நிமிர்ந்து வெளியே நீட்டியிருக்கும். கீழுதடு அகலமாக மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். அதில் உட்காரும் வண்டுக்கு முதுகில்தான் பொடி ஒட்டும். அனுப்பிய படத்தில் கருவண்டின் முதுகு வெளுத்திருக்கிறது, கவனித்தீர்களா? தும்பை என்றால் பூ வெள்ளையாக இருந்திருக்கும். இதே பெயரில் வழங்கும் இன்னொரு செடியும் உண்டு, அனிசோமீலிஸ் இண்டிகா. அதன் இலை மெல்லியது, அகன்றது. உங்களுடையது நீண்ட, தடித்த, பஞ்சு இலை.

பச்சை இலையைத் திரியாக முறுக்கி எண்ணெயில் எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். எரியத்தான் செய்யும். ஆனால் எரிவது எண்ணெய். இலையின் ரோமம் அதை உறிஞ்சித் தருகிறது, அவ்வளவே. அது செடியை அடையாளம் காணும் சோதனை ஆகாது. படத்தை நம்பிக் கஷாயம் வைத்துக் குடிக்கவும் வேண்டாம். செடியையே சித்த மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தாராளமாக வளர்க்கலாம். நம் பக்கத்து மணலும் வெயிலும் இதற்குப் பழக்கம்தான், கெடுப்பது தண்ணீர். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். உப்புக் கிணற்று நீர் என்றால் இலையில் படாமல் தூரில் விடுங்கள். இலையில் உப்பு தங்கினால் ஓரம் கருகும். யூரியா போடாதீர்கள், இலைதான் கொழிக்கும், பூ குறையும்.

புரட்டாசியில், மழைக்கு முன், ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள். கிளைக்குக் கிளை கொஞ்சம் இலை மிஞ்சியிருக்க வேண்டும். இலையில்லாத முற்றிய கட்டை வரை வெட்டினால் பல சமயம் துளிர்ப்பதில்லை. வெட்டியதில் பூக்காத, பாதி முற்றிய குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு உள்ளே போகும்படி மணலும் மட்கிய உரமும் சம அளவு கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வையுங்கள். விதை வேண்டுமென்றால் கதிரை வெட்டித் தாளில் உதறுங்கள். ஒரு பூவுக்கு அதிகபட்சம் நான்கு விதைதான்.

இடம் மட்டும் வாசலை ஒட்டி வேண்டாம். பூவில் தேன் எடுக்கும் தேனீ வலியக் கொட்டாது, கை பட்டால் கொட்டும். நடைபாதையிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். பக்கத்துக் கத்தரிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதானால், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து தெளியுங்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் படரும் ஊதாப்பூக் கொடியிலும் தேனீ வருகிறது. இலை நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. தோட்டத்தில் வைக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஆட்டுக்குளம்பு போன்ற அந்த இலையே போதும், அது அடப்பங்கொடி. காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைக்கும் என்பதால் கடலோர வேலிக்கு நல்லது. நாலு சென்ட் தோட்டத்தில் விட்டால் மற்ற செடிகளுக்கு இடமிருக்காது.