ஆசியாவில் யானைக்கு இவ்வளவு மதிப்பு பக்தியால் மட்டும்தானா?

பக்தி பாதி பதில்தான். மீதிப் பாதி படை. சந்திரகுப்த மௌரியர், அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து அரசனான செலூக்கஸுக்கு 500 யானைகளைக் கொடுத்த உடன்படிக்கையில் பெரிய நிலப்பரப்பே கைமாறியது என்றால் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியை வளர்த்து ஆளாக்கும்வரை பல வருடம் தீனி போடுவது கட்டுபடியாகாது, அதனால் வளர்ந்த யானையைக் காட்டிலிருந்தே பிடித்தார்கள். காடு இருந்தால்தானே யானை கிடைக்கும்? பழைய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரம் யானைக் காடுகளைத் தனியாகக் காக்கச் சொல்கிறது, யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்கிறது. இதில் ஜீவகாருண்யத்தைவிட அரசுக் கணக்குதான் அதிகம் என்பேன்.

அப்புறம் பக்தி. பிள்ளையாரைச் சொல்லவே வேண்டாம். புத்தர் பிறக்குமுன் மாயாதேவியின் கனவில் வந்தது வெள்ளை யானை. இலங்கையின் கண்டியில் நடக்கும் பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழையைச் சுமப்பது இன்றும் கொம்பன்தான்.

ஆனால் காட்டில் அது செய்யும் வேலை இதையெல்லாம் மிஞ்சியது. நாளுக்குச் சுமார் 150 கிலோ தின்னும், அதில் பாதிகூடச் செரிக்காது. லத்தியைக் குச்சியால் கிளறினால் நாருக்கு நடுவே விதைகள் முழுசாகக் கிடக்கும், சாணவண்டுகள் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அந்த விதைகள் தாய்மரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, உரத்தோடு விழுகின்றன. கோடையில் வறண்ட ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீரைக் குடித்துவிட்டுப் போகும், அதே குழியில் மானும் பன்றியும் வந்து குடிக்கும்.

சரி, இந்தியா 2010-ல் யானையைத் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவித்தது. ஆனாலும் வலசைப் பாதைகளின் குறுக்கே ரயிலும் ஓடுகிறது, மின்வேலியும் நிற்கிறது.