ஒரு சொல்லோடு ஒன்பது மாதம்

கேள்வி: ‘ரன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 645 பொருள்கள் இருக்கின்றனவாமே! தமிழில் இப்படி ஒரு சொல்லைக் காட்ட முடியுமா? (வாசகர் ஒருவர், மன்னார்குடி)

பதில்: ‘இருக்கின்றன’ என்று எழுதிவிட்டீர்கள். ‘பிரித்து எண்ணியிருக்கிறார்கள்’ என்று எழுதுங்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைச் சேர்ந்த பீட்டர் கில்லிவர் அந்த ஒரு வினைச்சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து உழைத்ததன் பலன் அந்த 645. அதற்கு முன் முதலிடம் ‘செட்’டுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள். விளக்கமே சுமார் 60,000 சொற்கள்.

மனிதனும் குதிரையும் ஆறும் ஓடிய காலத்தில் ‘ரன்’னுக்கு இத்தனை வேலை இல்லை. பிறகு ரயில் ஓடியது, ஆலை ஓடியது, மோட்டார் ஓடியது, கணினியில் நிரல் ஓடியது. ஆங்கிலேயனுக்குக் கடை நடத்துவதும் ‘ரன்’, மூக்கு ஒழுகுவதும் ‘ரன்’, துணியில் சாயம் போவதும் ‘ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் மணிக்கணக்கில் நின்றார்களே, அதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். அது பெயர்ச்சொல், 645இல் சேராது. அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் நிற்கிறார். நம் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார்.

இத்தனையும் இருக்க, ‘ரன் என்றால் ஓடு’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் உரைநூல்கள்மேல் எனக்குத் தீராத கோபம். இந்தப் பக்கத்தில் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கி, பட்டியலாக்கி, பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பது கொடுமை. அந்தப் பிள்ளை ஆங்கிலம் பேசப் பயப்படுவதில் என்ன வியப்பு?

தமிழுக்கு வருகிறேன். ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்கிறோம், குடை பிடிக்கிறோம், அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுகிறோம். குழந்தை அடம் பிடிக்கிறது. இரும்பில் துரு பிடிக்கிறது, நெஞ்சில் சளி பிடிக்கிறது, பால் அடி பிடிக்கிறது. மழை பிடித்துக்கொள்கிறது. சம்பளத்தில் பிடிக்கிறார்கள். களிமண்ணில் பிள்ளையார் பிடிக்கிறோம், கல்யாணத்தில் படம் பிடிக்கிறோம். குடம் பத்து லிட்டர் பிடிக்கிறது, வேலை இரண்டு நாள் பிடிக்கிறது. ஒருவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது, இன்னொருவருக்கு அவரைப் பிடிக்கிறது. இதையெல்லாம் எழுத நான் எந்த நூலையும் புரட்டவில்லை. தெருவில் ஒரு வாரம் காதைத் திறந்துவைத்திருந்தால் இன்னும் எத்தனையோ கிடைக்கும்.

குறை மொழியில் இல்லை, திரட்டுவதில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை தலைமையில் நிறைவேறிய அந்த மாபெரும் உழைப்பை நான் வணங்குகிறேன். இன்றைய தமிழுக்கென்று ‘க்ரியா’ ராமகிருஷ்ணன் 1992இல் ஓர் அகராதி கொடுத்தார், 2020இல் மறையும்வரை அதைத் திருத்தி விரித்துக்கொண்டே இருந்தார். ஒரு பதிப்பாளர் தோளில் சுமந்த வேலை அது. பல்கலைக்கழகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வேண்டிய வேலை. ஒரு வினைச்சொல்லுக்கு ஒன்பது மாதச் சம்பளம் தர இங்கே எந்த நிறுவனம் முன்வரும்? எனக்குப் பதில் வேண்டும்.

ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆசிரியராக ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொறுப்பேற்றதும், படித்ததிலிருந்து வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களிடம்தான் கேட்டார். சீட்டுகள் வந்து குவிந்தன. 1915இல் அவர் இறந்தபோதும் வேலை முடியவில்லை, 1928இல்தான் முடிந்தது.

மன்னார்குடி அன்பரே, உங்களிடமிருந்தே தொடங்குவோம். ‘பிடி’ வரும் வாக்கியங்களை, நான் மேலே எழுதாதவற்றை, அஞ்சலட்டைக்கு ஒன்றாக எழுதி அனுப்புங்கள். யார் சொன்னார், எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதையும் சேருங்கள். பொருள் எழுத வேண்டாம், வாக்கியம் போதும்.