மாந்தோப்பு கணக்கில் வருமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடிமகன். எனக்குக் குடியேற்ற விசா நேர்காணல் வந்திருக்கிறது. அவர் வருமானம் கொஞ்சம் குறைவு. காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் அப்பா பொறுப்பேற்கலாமா? உறவுக்குக் கல்யாண ஆல்பம் போதுமா?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அப்பாவால் முடியாதும்மா. குடியேறுபவரின் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித் தரும் ஐ-864 படிவத்தில் கூட்டுப் பொறுப்பாளராகக் கையெழுத்திடுபவர் அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். தோப்பும் அவர் பெயரில் இருக்கும்வரை கணக்கில் வராது. உங்கள் பெயரில் நிலம் இருந்தால் காட்டலாம். ஆனால் ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்க முடிய வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, மதிப்பீட்டுச் சான்று மூன்றும் வேண்டும்.

கணவரின் வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 4,000 டாலர் குறைந்தால், கடன் போக 12,000 டாலர் சொத்து, அதாவது மூன்று மடங்கு. குடும்ப எண்ணிக்கையில் உங்களைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சேர்த்தால் வரம்பு உயரும். அவர் வரி கட்டியதற்கு ஆதாரமாக, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இலவசமாகத் தரும் டிரான்ஸ்கிரிப்டே (வரிக்கணக்குச் சுருக்கம்) நல்லது.

ஆல்பத்தை வீட்டிலேயே வையுங்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் பதிவுச் சான்றுக்கு ஈடாகாது; சார்பதிவாளர் அலுவலகச் சான்றின் அசல் வேண்டும். இரு வீட்டாரோடும் எடுத்த பத்துப் பதினைந்து படங்கள், அவர் வந்துபோன விமானச் சீட்டுகள், பாஸ்போர்ட் முத்திரைகள், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, மாதத்துக்கு ஓரிரு பக்க வாட்ஸப் உரையாடல், தேதி வரிசையில். நூறு பக்கம் யாரும் படிக்கமாட்டார்கள்.

இனிஷியல்தான் நம்மூர்த் தலைவலி. சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள். தமிழ்ச் சான்றுகளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேருங்கள்.