ஆங்கிலத்தில் 'இன்ஃபார்ம்' பின்னால் 'டு' வருமா?

'டு' வேண்டாம். "ஐ இன்ஃபார்ம்ட் டு தி சூப்பர்வைசர்" என்று எழுதியிருந்தால், அதை "ஐ இன்ஃபார்ம்ட் தி சூப்பர்வைசர் அபவுட் தி டிலே" என்று மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

'சூப்பர்வைசரிடம் சொன்னேன்' என்று தமிழில் யோசித்தே எழுதுவதால் அந்த '-இடம்' அங்கே 'டு'வாக வந்து ஒட்டிக்கொள்கிறது, பெரும்பாலும் இதுதான் காரணம்.

சந்தேகம் வந்தால் அதே இடத்தில் 'டோல்ட்' வைத்துப் படித்துப் பாருங்கள். 'ஐ டோல்ட் டு தி சூப்பர்வைசர்' தப்பு என்று காதுக்கே தெரியும். முழுச் செய்தியும் சொல்ல வேண்டுமென்றால் 'தட்' போடுங்கள்: "ஐ இன்ஃபார்ம்ட் ஹிம் தட் தி லாரி வாஸ் ஸ்டக் நியர் எண்ணூர்."

ஆனால் 'ரிப்போர்ட்' வேறு மாதிரி, "ஐ ரிப்போர்ட்டட் தி டிலே டு ஹிம்" சரிதான். அப்புறம், வீட்டுக்கு வர லேட்டாகும் என்று வீட்டில் சொல்வதற்கெல்லாம் 'இன்ஃபார்ம்' எதற்கு, நோட்டீஸ் ஒட்டுவது போல இருக்கும், 'டெல்' போதும்.