வன்னிப் பாடசாலையின் சங்கீத வகுப்புக்கு எந்தப் பாடல்கள், எந்த இணையக் கருவிகள் பொருந்தும்?

கிளிநொச்சியில் சைவ, கத்தோலிக்க, இஸ்லாமிய மாணவர் கலந்து பயிலும் சங்கீத வகுப்பில் எவற்றைப் பாடுவிப்பது, இணையத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாடத்திட்ட உருப்படிகளை விலக்க வேண்டியதில்லை. அவற்றுடன், கத்தோலிக்கராக இருந்தும் சமயப் பொதுமை பேசும் கீர்த்தனைகளை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), இஸ்லாமிய சூஃபி ஞானியான குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகியோரின் பாடல்களையும், முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பாடல்களையும், அருவிவெட்டு (நெல் அறுவடை)ப் பாடல்களையும் சேர்க்கலாம். கூத்துப் பாடல்களை ஊர் அண்ணாவியாரை (கூத்துப் பழக்கும் ஆசிரியரை)ப் பாடச் செய்து கைபேசியில் பதிவது, இணையத்தில் தேடுவதைவிட மேலானது என்பேன்.

சமயத்தை மட்டும் கவனித்தால் போதாது. குரல் உடையும் வயதிலுள்ள மாணவனை, மாணவியருக்குப் பொருந்தும் ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) பாடச் சொன்னால் அவன் வாயைத் திறக்கவே மாட்டான். ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் தனியாகப் பாடவிடுங்கள். ஒருமுறை தரவிறக்கிய பின் இணையமின்றி இயங்கும் தம்புராச் செயலி இருந்தால், கட்டையை நொடியில் மாற்றிக்கொள்ளலாம். யூடியூப்பில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால், சுருதி மாறாமலே கமகங்கள் (சுரங்களின் அசைவுகள்) தெளிவாகக் கேட்கும்.

சூம் வழியாகச் சேர்ந்து பாடுவிக்க முயல வேண்டாம். ஒலி தாமதித்து வருவதால் தாளம் நிற்காது. நீங்கள் பாடிய பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொருவரும் பாடிய பதிவைத் திரும்பப் பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது. டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.