ஆளைக் கண்டதும் சிறுநீர் விடும் குட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு மாதப் பெண் லாப்ரடார் குட்டி வளர்கிறது. கொல்லைக்குப் போய்ச் சிறுநீர் கழிக்க நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் வெளியூரிலிருந்து என் கணவரோ உறவினரோ வந்து படியேறினால் போதும், ஓடிப்போய் வாலை ஆட்டிக்கொண்டே முகப்பில் சிறுநீர் விட்டுவிடுகிறது. அதட்டினால் இன்னும் அதிகமாகிறது. அந்த இடத்திலேயே மூக்கைத் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் என் மாமனார். அடுத்த மாதம் அவருக்குச் சாந்தி, அதாவது வயது நிறைவு விழா. வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வேறு. என்ன செய்வது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதலில் உங்கள் மாமனாருக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து மூக்கைத் தேய்க்க வேண்டாம் ஐயா. கொல்லைக்குப் போகத் தெரிந்த குட்டி இது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை இந்த வயதில் இன்னும் முழுமையாகக் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்காது. மகிழ்ச்சி பொங்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. சிறுநீர் போவதைப் பல குட்டிகள் உணர்வதுகூட இல்லை. தானறியாமல் நடந்த ஒன்றுக்குத் தண்டனை கொடுத்தால், வாசலுக்கு வருகிறவர்கள் அடிப்பார்கள் என்பதை மட்டுமே குட்டி கற்றுக்கொள்ளும்.

அதட்டும்போது அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மகிழ்ச்சியில் சிறுநீர் விடும் குட்டி நின்றபடியோ, துள்ளியபடியோ, நடந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக விடும். பயத்தில் பணிந்துபோகும் குட்டியோ காதைப் பின்னுக்கு மடக்கி, வாலை இடுக்கி, உடலைத் தாழ்த்தி, சில நேரம் மல்லாந்து படுத்துச் சிறுநீர் விடும்; ‘நான் உங்களுக்கு அடங்கியவள், என்னை ஒன்றும் செய்துவிடாதீர்கள்’ என்று நாய்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முறை அது. முதல் வகை பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டித் தானாகவே நின்றுவிடும். அதட்டி அதட்டி இரண்டாம் வகையையும் சேர்த்துவிட்டால் நிற்பதற்கு வெகுநாள் ஆகும்.

நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றம் உள்ள பகுதி), இரண்டாம் கட்டு என்று கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். வருகிறவரைக் குட்டி பின்கட்டிலிருந்தே பார்த்துவிடுகிறது. அவ்வளவு தூரமும் ஓடி வருவதற்குள் அதன் பரபரப்பு உச்சத்தைத் தொட்டுவிடும். அந்த ஓட்டத்தைத் தடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும். வளவுக்குள் நுழையும் கதவைச் சாத்தி வையுங்கள், அல்லது வாரில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் வரும் நேரம் தெரிந்தால் அதற்கு முன்பே கொல்லைக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள்.

வருகிறவர்களைப் பழக்குவதுதான் கடினம். உங்கள் கணவர் எத்தனை ஆசையோடு வந்தாலும் குட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல், அதன் முகத்தைப் பார்க்காமல், பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும். துள்ளல் அடங்கி நான்கு காலும் தரையில் நின்ற பிறகு, பக்கவாட்டில் திரும்பிக் குத்துக்காலிட்டு, தாடைக்குக் கீழோ நெஞ்சிலோ மெதுவாகத் தடவலாம். மேலிருந்து குனிந்து தலையில் கை வைப்பதைக் குட்டிகள் மிரட்டலாக எடுத்துக்கொள்வதுண்டு. நாலைந்து தீனித் துணுக்குகளைத் தரையில் சிதறவிட்டால், மோந்து தேடுவதிலேயே அது நிதானத்துக்கு வந்துவிடும். வீட்டில் இருப்பவர்களே வெளியே போவதும் வருவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினால், ஆள் வருவது அதற்குப் பெரிய செய்தியாகத் தோன்றாது. இவ்வளவுக்குப் பிறகும் சிறுநீர் விட்டால், ஒரு சொல்லும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள். தண்ணீர் வைப்பதை மட்டும் குறைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது ஆபத்து.

சாந்தியன்று இந்தப் பயிற்சி எதுவும் பலிக்காது. மேளச் சத்தமும் கூட்டமும் பழகிய நாயையே கலங்கடிக்கும். ஆகவே பின்கட்டில் ஓர் அறையில், அதன் படுக்கையோடு, அதற்கு நன்கு தெரிந்த ஒருவரின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அவர் அவ்வப்போது கொல்லைக்குக் கூட்டிப்போகட்டும். பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் மறுநாள் பார்க்கட்டும்.

தரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் உங்கள் தரைக்குப் பொருந்தாதவை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடன்று. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிக் கையால் செய்வது. வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிப்பறை ஆசிட் போன்ற புளிப்புத் திரவங்கள் சிமென்ட்டை அரித்துப் பூவேலையை மங்கச் செய்யும். பிளீச்சிங் பவுடர் சிறுநீரோடு கலந்தால் மூச்சுக்குக் கேடான வாயு கிளம்பும். பினாயில் நம் மூக்குக்கு வாடையை மறைத்தாலும் நாயின் மூக்குக்கு மறைக்காது. பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரில் துடைத்து, சிறுநீர் வாடையைப் போக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை முதலில் ஒரு மூலையில் சோதித்த பிறகு பயன்படுத்துங்கள். நன்றாகக் காய்ந்தபின் வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கலாம்.

கேள்வி: எட்டு மாதப் பெண் நாய். காலையில் அது படுத்திருந்த சாக்கு நனைந்திருக்கிறது. இதுவும் வயதானால் சரியாகிவிடுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: காத்திருக்க வேண்டாம். தூக்கத்தில் தானாகக் கசிவதற்கும் ஆளைக் கண்ட மகிழ்ச்சிக்கும் தொடர்பில்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்று இருக்கலாம். சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம் மாறிச் சேர்ந்திருக்கலாம். கருத்தடை அறுவை செய்திருந்தால் அதன் பின்விளைவாகவும் இருக்கலாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதா, முக்குகிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா என்று கவனித்து எழுதி வையுங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான மூடிபோட்ட குப்பியில் பிடித்து, தாமதிக்காமல் நாயோடு கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் பார்க்கும்வரை வீட்டில் மனிதர்களுக்கு வாங்கி வைத்திருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.